நாதிர் ஷா எழாதிருந்தால்: மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு பயணம்

எம்.டி.எச். ரோடு என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். மெட்ராஸ் திருவள்ளூர் நெடுஞ்சாலை என்று முழுப்பெயர் சொல்பவர்கள் குறைவு. பாடி மேம்பாலம் தாண்டி அம்பத்தூர் நோக்கிப் போனால் வருவது மண்ணூர்பேட்டை. காலையில் அந்த நிறுத்தத்தில் நிற்க இடம் இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், கொரட்டூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ தேடும் பெண்கள் என்று சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். 1960களில் தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு இது ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி. பக்கத்துப் பாடியில் சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இருக்கிறது. அப்படியென்றால் ஊரின் வயது ஆயிரத்தைத் தாண்டியது.

இந்த நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வி என்னை நெடுநாளாகப் பிடித்துவைத்திருந்தது. 1739இல் இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானுக்கு வரி கட்டியது. 1749இல் பூந்தமல்லி கம்பெனிக்குப் போனது. 1763இல் செங்கல்பட்டுச் சீமையே ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, அதன் கைக்குப் போனது. 24 ஆண்டுகள்தான் இடைவெளி. அதற்குள் என்ன நடந்தது என்று கேட்டால் பலரும் தில்லியைக் கைகாட்டுகிறார்கள். பாரசீகத்திலிருந்து நாதிர் ஷா வந்தார், தில்லியைச் சூறையாடினார், முகலாயப் பேரரசு முறிந்தது, அந்த வெற்றிடத்தில் வெள்ளையர் நுழைந்தார்கள் என்பது அந்தப் பதில். அப்படியானால் நாதிர் ஷா என்ற ஒருவர் தலையெடுக்காமலே போயிருந்தால் மண்ணூர்பேட்டை வயலின் கதை வேறாக இருந்திருக்குமா? புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை யோசிப்பதைவிட இடத்தைப் பார்த்து யோசிக்கலாம் என்று ஆற்காட்டுக்குக் கிளம்பினேன்.

எஸ்டேட் பஸ் நிலையத்திலிருந்து வானகரம் வழியாகப் பூந்தமல்லி. அங்கிருந்து வேலூர் பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. திருப்பெரும்புதூர் தாண்டும்வரை தொழிற்சாலைச் சுவர்களும் கன்டெய்னர் லாரிகளும்தான். அந்த நேரத்தில் நாதிரின் கதையை மனதுக்குள் ஒழுங்காக ஓட்டிப் பார்த்தேன்.

குராசானில் அஃப்ஷார் என்ற துருக்மேனியக் குடியில், பெயர் சொல்லும் குடும்பம் என்று எதுவும் இல்லாமல் பிறந்தவர் நாதிர். 1722இல் ஆப்கானியர்கள் இஸ்ஃபஹானை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பிடித்தார்கள். இருநூறு ஆண்டுக்கும் மேல் ஆண்ட சஃபவி வம்சம் சரிந்தது. 1724இல் துருக்கியின் உஸ்மானியரும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசி, பாரசீகத்தின் மேற்கையும் வடக்கையும் தங்களுக்குள் பங்கு போட்டு ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். அந்த நாடு வரைபடத்திலிருந்து மறையும் நிலையில் இருந்தது. 1726இல் ஓடித் திரிந்த சஃபவி இளவரசர் தஹ்மாஸ்ப்பிடம் நாதிர் வந்து சேர்ந்தார். 1729இல் ஆப்கானியரை முறியடித்து இஸ்ஃபஹானை மீட்டார். 1732இல் தஹ்மாஸ்ப்பை அரியணையிலிருந்து இறக்கினார். 1736இல் முகான் சமவெளியில் தாமே முடிசூடிக்கொண்டார். பத்தே ஆண்டில் இவ்வளவும்.

பிறகுதான் இந்தியா. 1738இல் காந்தஹார் விழுந்தது. 1739 பிப்ரவரி 24இல் கர்னாலில் முகலாயப் படை சில மணி நேரத்தில் சிதறியது. ஹைதராபாத் நிஜாம் ஆசஃப் ஜா அப்போது தில்லியில் இருந்தார். அவர் பேசி, 50 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போக நாதிரைச் சம்மதிக்கவைத்தார். ஆனால் போரில் இறந்த மீர் பக்ஷி என்ற படைத் தலைவரின் பதவி நிஜாம் பக்கம் போனதைப் பொறுக்காத அவத் நவாப் சாதத் கான், தில்லிக்குள் போனால் 20 கோடி கிடைக்கும் என்று நாதிரின் காதில் போட்டார். நாதிர் தில்லிக்குள் போனார். மார்ச் 22இல் சாந்தினி சவுக்கின் சுனேரி மசூதியில் அவர் உட்கார்ந்திருக்க, வெளியே படுகொலை நடந்தது. இருபதாயிரத்துக்கும் குறையாமல் மக்கள் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். மயிலாசனமும் கோஹினூரும் பாரசீகம் போயின. கொள்ளையின் அளவு எவ்வளவு என்றால், தம் நாட்டு மக்களுக்கு மூன்று ஆண்டு வரியை அவரால் தள்ளுபடி செய்ய முடிந்தது.

காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலை வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். தில்லி விழுந்த கதையில் வாளைவிடக் கூர்மையாக வேலை செய்தது ஒரு பதவிச் சண்டை. 50 லட்சத்தோடு முடிந்திருக்க வேண்டியதை வீட்டுக்குள் இருந்தவரே கோடிகளுக்கு இழுத்துவிட்டார். ஆற்காட்டில் நடந்ததும் இதே கதைதான் என்பது மேலே போகப் போகத் தெளிவானது.

காவேரிப்பாக்கம் ஏரி சாலையிலிருந்தே தெரிகிறது. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. 1752இல் இதன் அருகேதான் கம்பெனியின் கிளைவ் படையும், ஆற்காட்டுப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையும் மோதின. அடுத்து வருவது வாலாஜாபேட்டை. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர். ராணிப்பேட்டையைக் கடந்து பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் கீழே பெரும்பாலும் மணல்தான். அக்கரை ஆற்காடு.

ஊருக்குள் இறங்கியதும் மக்கன் பேடா கடைகள். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒரு டீக்கடையில் வழி கேட்டேன். “கிளைவ் இருந்த இடமா சார்? ஆத்தோரமாப் போங்க, தெரியும்” என்றார் மாஸ்டர். நவாப் இருந்த ஊரில் நவாபின் வாசலுக்குக் கிளைவ் பெயர் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

தில்லி வாசல் பாலாற்றங்கரையில் தனியாக நிற்கிறது. ஒரு காலத்தில் நெடுந்தூரம் ஓடிய கோட்டை மதிலில் மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். வளைவு, மேலே சின்னதாக ஓர் அறை, ஏறிப் போகப் படி. அந்த அறையில்தான் கிளைவ் தங்கியதாகச் சொல்கிறார்கள். தில்லி திசையைப் பார்த்து நவாபுகள் வாசல் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு அதிகாரம் தில்லியிலிருந்து, தக்காணத்து நிஜாம் வழியாக வர வேண்டும். நாதிர் வெட்டியது இந்த நூலைத்தான் என்று சொல்கிறார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து அந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

1732இல் நவாப் சாதத்துல்லா கான் இறந்தார். தம்பி மகன் தோஸ்த் அலி பதவிக்கு வந்தார். நிஜாமின் முறையான ஒப்புதல் இல்லாமலே வந்தார். நாதிர் முடிசூடுவதற்கு நான்கு ஆண்டு முன்பே ஆற்காடு மேலிடத்தைக் கேட்காமல் நடக்கத் தொடங்கிவிட்டது. 1736இல் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் திருச்சியை ராணி மீனாட்சியிடமிருந்து வஞ்சகமாகப் பறித்தார். குரான் மீது சத்தியம் செய்துவிட்டு அதை மீறினார் என்பது இன்றும் திருச்சியில் சொல்லும் கதை. அடுத்து தஞ்சாவூரை நெருக்கினார். தஞ்சை மராத்தியர் சாத்தாராவில் இருந்த தங்கள் உறவினரிடம் முறையிட்டார்கள்.

1740இல் ரகுஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை தெற்கே இறங்கியது. மே 20இல் தமலச்செருவுக் கணவாயில் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. மறு ஆண்டு மார்ச்சில் திருச்சி வீழ்ந்து, சந்தா சாகிப் சாத்தாராவுக்குக் கைதியாகப் போனார். அந்த நேரத்தில் தக்காணத்தில் இருந்திருக்க வேண்டிய நிஜாம் எங்கே? 1737இல் பேரரசர் முகம்மது ஷா அழைத்து தில்லிக்குப் போனவர், நாதிரின் படையெடுப்பில் மாட்டிக்கொண்டு 1740இல்தான் தெற்கே திரும்பினார். திரும்பினால் அவர் மகன் நாசிர் ஜங்கே கலகத்தில் இருந்தார். அதை அடக்க 1741 ஆகிவிட்டது. நாதிர் ஷாவால் ஆற்காட்டுக்கு நேரடியாக நேர்ந்தது என்று நான் ஒப்புக்கொள்ளக்கூடியது இந்த இரண்டு ஆண்டுகள்தான். தெற்கின் பெரிய மனிதர், மத்தியஸ்தம் செய்யக்கூடிய ஒரே ஆள், தேவைப்பட்ட நேரத்தில் தில்லியில் இருந்தார்.

ஆனால் அதற்குப் பிறகு? தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலி நவாப் ஆனார். மராத்தியருக்கு ஒரு கோடி தருவதாக எழுதிக்கொடுத்தார். அதைக் கொடுத்துத் தீர்க்கப் பணம் இல்லை. குடும்பத்தையும் பொக்கிஷத்தையும் பாதுகாப்புக்காகச் சென்னைப்பட்டினத்துக்கு, வெள்ளையர் கோட்டை நிழலுக்கு அனுப்பிவைத்தார். 1742 அக்டோபரில் வேலூரில் தம் சொந்த மைத்துனர் முர்தசா அலியின் வீட்டில் கொல்லப்பட்டார். சென்னையில் இருந்த அவர் சின்ன மகன் நவாபாக அறிவிக்கப்பட்டான். அவன் பெயரில் அதே ஆண்டு பெரம்பூர், வேப்பேரி, புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் ஆகிய ஐந்து ஊர்கள் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. எங்கள் மண்ணூர்பேட்டைக்கு மிக அருகில் கம்பெனியின் எல்லை வந்து நின்றது அப்போதுதான். கொடுத்தது ஒரு குழந்தையின் பெயர். கொடுக்கவைத்தது ஒரு குடும்பத்துக்குள் நடந்த கொலை.

1743இல் நிஜாம் பெரும் படையோடு ஆற்காட்டுக்கே வந்தார். யாரைப் பார்த்தாலும் தம்மை நவாப் என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒரே நாளில் 18 நவாபுகளைப் பார்த்துவிட்டேன், இனி எவனாவது அப்படிச் சொன்னால் சவுக்கடி என்று அவர் சீறியதாக ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. திருச்சியை மராத்தியரிடமிருந்து மீட்டார். பிறகு அன்வருத்தீன் கானை ஆற்காட்டில் அமர்த்தினார். ஆக, நாதிர் வந்து போன நான்காம் ஆண்டிலேயே தெற்கின் மேலதிகாரம் திரும்ப வந்து நின்றுவிட்டது. தில்லி முறிந்ததால் ஆற்காடு அனாதையானது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்கவில்லை. அனாதையாக்கியது வேறு. அந்தச் சிறுவன் நவாப் 1744இல் ஆற்காட்டிலேயே, ஒரு கல்யாண வீட்டில், குத்திக் கொல்லப்பட்டான். அடுத்து எந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை.

அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் இங்கேயும் வந்து சேர்ந்தது. அதற்கும் நாதிருக்கும் சம்பந்தமே இல்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ் கானின் பத்தாயிரம் பேர் கொண்ட படையை, ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை அடையாற்றங்கரையில் ஓடவிட்டது. வரிசையாக நின்று விடாமல் சுடும் துப்பாக்கிப் படையின் முன் குதிரைப்படை எடுபடாது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பின் வாரிசுச் சண்டையில் இருந்த ஒவ்வொருவரும் பிரெஞ்சுக்காரரையோ ஆங்கிலேயரையோ கூலிக்குப் பிடித்தார்கள். 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் அன்வருத்தீன் இறந்தார். 1751இல் கிளைவ் 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களுமாக இந்த வாசல் வழியாக வந்தார். சண்டையே இல்லாமல் ஆற்காடு விழுந்தது. காவல் படை முன்பே ஓடியிருந்தது. பிறகு நடந்த ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதுதான் அவர் புகழ்.

அந்தக் கூலிக்குக் காசு எங்கிருந்து வரும்? நிலத்திலிருந்துதான். வாரிசுச் சண்டையில் ஆங்கிலேயர் துணையோடு வென்ற முகம்மது அலி வாலாஜா வாழ்நாள் முழுவதும் கம்பெனிக்கும், கம்பெனியின் ஊழியர்களுக்கும் கடன்பட்டார். அடமானத்தில் ஒவ்வொரு சீமையாகக் கைமாறியது. ஆற்காட்டு நவாபின் கடன் லண்டன் பாராளுமன்றத்திலேயே பெரிய விவகாரம் ஆனது.

தில்லி வாசலின் நிழலில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நாதிர் 1726இலேயே ஏதோ ஒரு மலைச் சண்டையில் இறந்திருந்தாலும் மண்ணூர்பேட்டை வயல் கம்பெனிக்குத்தான் போயிருக்கும். தில்லியின் கஜானாவில் இன்னும் சில கோடி இருந்திருக்கும். காபூல் முகலாயரிடமே இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும். நாதிரிடம் படைப் பயிற்சி பெற்ற அகமது ஷா அப்தாலி 1747இல் ஒரு ராஜ்யம் அமைத்திருக்க மாட்டார், 1761இல் பானிப்பட்டில் மராத்தியர் அப்படி அழிந்திருக்க மாட்டார்கள். வட இந்தியாவின் கதை நிச்சயம் மாறியிருக்கும். ஆனால் பாஜிராவ் 1737லேயே தில்லியின் வாசல்வரை வந்து போய்விட்டார். தில்லியின் பலவீனம் நாதிர் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. அதே சமயம் தில்லி முத்திரையின் மதிப்பு நாதிருக்குப் பிறகும் போய்விடவில்லை. 1765இல் வங்கத்தின் வரி வசூல் உரிமையை இரண்டாம் ஷா ஆலமிடம் கேட்டுத்தான் கம்பெனி வாங்கியது. நம் சீமை கைமாறியதற்குக் காரணம் ஆற்காட்டிலும் வேலூரிலும் திருச்சியிலும் இருக்கிறது. அதைத் தூர தேசத்து வெற்றி வீரர் ஒருவரின் கணக்கில் எழுதுவது நம் பங்கை மறைப்பதாகும்.

ஜாகீர் கைக்கு வந்ததும் கம்பெனி முதலில் செய்தது கணக்கெடுப்பு. 1767இல் தொடங்கி 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் வைத்திருந்த கணக்குகளும் இருந்தன. எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, ஏரி எத்தனை, வெட்டியானுக்கு என்ன, தேவரடியாருக்கு என்ன, கோயிலுக்கு என்ன மானியம் என்று எல்லாம் அதில் உண்டு. வரலாற்று ஆய்வாளர் தரம்பாலும், அவர் வழியில் சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தாரும் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊரின் பழைய முகத்தைப் பார்க்க விரும்பினால் தேட வேண்டிய இடம் அது.

திரும்பும்போது வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை இது. அரக்கோணத்தில் மின்சார ரயிலுக்கு மாறி, ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று வந்தபோது இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. கேள்வியின் பாதிதான் முடிந்திருந்தது. நாதிர் இல்லாவிட்டால் நிலம் அப்படியேதான் போயிருக்கும் என்றால், சென்னையில் வேறு எது மாறியிருக்கும்? வில்லிவாக்கம், பிறகு பெரம்பூர். பாண்டிச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்த ஊர். சென்ட்ரலில் இறங்கி வேப்பேரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

வேப்பேரி செயின்ட் மத்தியாஸ் தேவாலய வளாகத்தில் கோஜா பெத்ருஸ் உஸ்கானின் கல்லறை இருக்கிறது. இஸ்ஃபஹானை ஒட்டிய புது ஜுல்ஃபாவின் ஆர்மீனியர். ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனியாவிலிருந்து குடிபெயர்த்துக் கொண்டுவந்து அமர்த்திய வணிகர்களின் ஊர் அது. உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைத் தம் பணத்தில் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் கொடை. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் வர மறுத்துச் சொத்தை இழந்தார். 1751இல் இறந்தார். உடல் இங்கே. இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்துப் பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அதன்படியே அனுப்பினார்கள்.

அந்த ஜுல்ஃபா அப்போது எந்த நிலையில் இருந்தது? முதலில் 1722இல் ஆப்கானியர் உறிஞ்சினார்கள். இந்தியக் கொள்ளை தீர்ந்தபின் நாதிர் தம் மக்கள் மீதே பாய்ந்தார். கடைசி ஆண்டுகளில் இஸ்ஃபஹான் வணிகர்களிடம் வரிமேல் வரி, அபராதம், சித்திரவதை. சிலர் உயிரையே விட்டார்கள். 1747இல் நாதிரை அவர் அதிகாரிகளே கூடாரத்தில் வைத்துக் கொன்றார்கள். அதற்குள் ஜுல்ஃபா காலியாகிக்கொண்டிருந்தது. ரஷ்யா, கல்கத்தா, சென்னை என்று பிரிந்து போனார்கள்.

அப்படி வளர்ந்த கூட்டத்தின் தெருதான் பிராட்வே பக்கத்து ஆர்மீனியன் தெரு. பழைய ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். நடைபாதைக் கடைகளுக்கு நடுவில் பெரிய மரக்கதவு. உள்ளே போனால் வெளியே கேட்ட ஹார்ன் சத்தம் குறைந்துவிடுகிறது. 1772இல் கட்டிய தேவாலயம். முற்றம் முழுக்கத் தரையோடு தரையாகக் கல்லறைகள், தனியாக ஒரு மணிக்கூண்டு. காவலர் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, “செருப்போட கல்லு மேல நடக்காதீங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

இங்கே நின்றபோதுதான் பயணம் முழுவதற்கும் விடை கிடைத்தது. 1723இல் புது ஜுல்ஃபாவில் பிறந்த ஷாஹமீர் ஷாஹமீரியன் சென்னையில் பெரும் செல்வரானார். 1770களின் தொடக்கத்தில் ஓர் ஆர்மீனிய அச்சகத்தை நிறுவினார். இந்தியாவில் ஆர்மீனிய அச்சு தொடங்கியது இந்தத் தெருக்களில்தான். 1772இல் மோவ்ஸஸ் பக்ராமியனின் நூல் அங்கே அச்சானது. அடிமைப்பட்ட ஆர்மீனியர் எழ வேண்டும் என்று இளைஞர்களுக்கு அறைகூவல். அது தாயகம் போய்ச் சேர்ந்ததும் எச்மியாட்ஸினில் இருந்த தலைமைக் குரு கொதித்துப்போய் அதை எரிக்கச் சொன்னார். அடுத்து 1773 என்று முகப்பில் ஆண்டு பொறித்த ‘வொரொகாய்த் பராட்ஸ்’. ஷாஹமீரும் அவர் மகன் ஹாகோபும் உருவாக்கியது. அப்போது உலகில் இல்லாத ஒரு நாட்டுக்கு, வரப்போகும் ஆர்மீனியாவுக்கு, 521 விதிகளில் ஓர் அரசியல் சட்டம். பிறப்பால் வரும் மன்னர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை ஆள வேண்டும். சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டம் எழுதப்பட்டது 1787இல் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும்.

ஒரு தனி மனிதனின் வாளுக்குக் கீழே குடும்பங்கள் எப்படி அழியும் என்று ஜுல்ஃபாவில் பார்த்த தலைமுறைதான் மன்னர் இல்லாத ஆட்சியை எழுத உட்கார்ந்தது. ஆற்காட்டு வாரிசுச் சண்டையையும் அவர்கள் சென்னையில் இருந்தபடி கண்ணால் பார்த்தவர்கள். இரண்டு அனுபவமும் சேர்ந்துதான் அந்தப் புத்தகம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு தொடர்பு என்னை அசைத்துவிட்டது. ஷாஹமீர் தம் கனவு நாட்டுக்கு ஆதரவு தேடிக் கடிதமும் பரிசுகளும் அனுப்பியது ஜார்ஜியாவின் மன்னர் இரண்டாம் எரெக்லேவுக்கு. மகிழ்ந்த மன்னர் சென்னை வணிகருக்குப் பிரபுப் பட்டமும் லோரி என்ற ஊரும் கொடுத்தார். யார் இந்த எரெக்லே? 1738, 1739இல் நாதிர் ஷா இந்தியா மீது படையெடுத்தபோது அவர் படையில் கூட வந்த இளவரசர். பிற்பாடு நாதிர்தான் அவருக்குக் காக்கெத்தியின் அரியணையைக் கொடுத்தார். நாதிரின் இந்தியப் படையெடுப்பில் கூட வந்த ஒருவருக்கு, ஜுல்ஃபா அழிந்ததால் சென்னையில் வேர்விட்ட சமூகத்தின் ஒருவர், மக்களாட்சி பற்றி எழுதுகிறார். நாதிர் எழாமல் இருந்தால் இந்தக் கடிதத்தின் இரண்டு முனையும் இருந்திருக்காது. உஸ்கான் நாதிருக்கு முன்பே சென்னைக்கு வந்தவர். ஆர்மீனிய வணிகம் எப்படியும் இங்கே இருந்திருக்கும். ஆனால் திரும்பிப் போக ஊர் இருக்கும் வணிகன் வேற்றூரில் அச்சகம் வைத்துத் தன் நாட்டுக்குச் சட்டம் எழுத மாட்டான். 

1794 அக்டோபர் 16இல் இதே சென்னையில் ‘அஸ்தரார்’ வெளிவந்தது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை. நடத்தியவர் ஷிராஸில் பிறந்த பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியன். இரண்டு மகன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்து, சூஃபிகளோடு ஆண்டுக்கணக்கில் தனித்து வாழ்ந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். 1796 வரை 18 இதழ்கள். 1824இல் இறந்தார். அவர் கல்லறை இந்த முற்றத்தில்தான் இருக்கிறது. கல்லில் திறந்த புத்தகம் போல ஏதாவது செதுக்கியிருப்பார்களா என்று தேடினேன். எழுத்துகள் எனக்குப் படிக்கத் தெரியாதவை, வெகு நேரம் பக்கத்தில் நின்றேன்.

அம்பத்தூர், பாடி, கொரட்டூர்ப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மகாபலிபுரத்துக்கு அழைத்துப்போகும் ஆண்டில், ஒரு நாள் ஆற்காட்டுத் தில்லி வாசலுக்கும் ஒரு நாள் ஆர்மீனியன் தெருவுக்கும் அழைத்துப்போங்கள். தில்லி வாசலில் கிளைவின் வீரத்தோடு நிறுத்திவிடாமல், சஃப்தர் அலியின் கொலையையும் வாலாஜாவின் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆர்மீனியத் தேவாலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிறு என்றால் ஒன்பதரைக்கு மணி அடிப்பதைக் கேட்கலாம். ஆர்மீனிய மொழி அறிந்த தமிழர் யாரேனும் இருந்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: நம் ஊரில் அச்சான அந்த 521 விதிகளும் தமிழில் வர வேண்டும்.